முதுகில் அடித்த காற்று

இரண்டு மணிக்கு வரவேண்டிய தண்ணீர் லாரி மூன்றாகியும் வரவில்லை, அது என்றைக்குத்தான் சொன்ன நேரத்துக்கு வந்தது, வந்தால் அல்லவா அதிசயம் என்று நாகபூஷணம் நினைத்துக்கொண்டாள், லாரியைப் பற்றித்தான் நினைக்கிறோம் என்று தன்னையே நம்பவைக்கவும் பார்த்தாள், ஆனால் மனசு லாரியில் இல்லை, தயாளன் டீக்கடைக்குப் போகும்போது திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போன வார்த்தையில் அது முள்ளில் மாட்டிய சேலையாகக் கிடந்தது. "டீ குட்ச்சிட்டு வந்துர்றேன்க்கா. கொடத்தப் பாத்துக்கோ. உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்." ஒண்ணு. என்ன ஒண்ணு? ரேஷன் கார்டில் குணவதி பேரை எடுக்க எந்த ஆபீசுக்குப் போகணும் என்று கேட்பானாக இருக்கும். பெண்ணுக்குத் தலை பின்ன வரவில்லை, காலையில் கொஞ்சம் பின்னிவிடுகிறாயா என்று கேட்பானாக இருக்கும், பாவம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற கைக்குப் பின்னல் எங்கே வரும். நாளைக்குப் பத்து மணிக்குக் கம்பெனிக்காரன் நடத்தப்போகிற ஒத்திகையைப் பற்றிக் கேட்பானாக இருக்கும். இதில் எதுவானாலும் அவளிடம் பதில் இருக்கிறது. இதில் எதுவுமே இல்லை என்றால்? அவள் உட்கார்ந்திருந்தது டிரான்ஸ்ஃபார்மர் சுவரின் கையகல நிழலில், கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல். எதிரே வெயிலில் குடங்கள் வரிசையாக நின்றன, ஆட்கள் நிழலுக்கு ஒதுங்கினாலும் குடங்கள் இடம் பிடித்து நிற்கும், அதுதான் ஏழாவது தெருவின் சட்டம், அடுத்தவள் குடத்தை நகர்த்தினால் கொலை விழும். அவளுடையது எவர்சில்வர் குடம், கழுத்தில் 'முதல் பரிசு' என்று புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். அதற்குப் பின்னால் இரண்டு பச்சை பிளாஸ்டிக் குடங்கள், ஒன்றுக்கு வாயோரம் உருகி நெளிந்திருக்கும், குணவதி அடுப்புப் பக்கத்தில் வைத்து உருக்கிய குடம், போன மாதம்வரை அந்தக் குடத்துக்குப் பக்கத்தில் குணவதிதான் நின்றாள், இப்போது அவள் புருஷன் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான். நாற்பத்தொரு நாள். யார் எண்ணச் சொன்னது, நாக்கு தானாக எண்ணிக்கொள்கிறது.

நிமிர்ந்தால் அவை தெரியும், அதனால் அவள் நிமிரவில்லை. நிமிராவிட்டாலும் அவை அங்கேதான் இருக்கின்றன, தெருவின் கிழக்கு முனையில், கம்பெனிச் சுவருக்கு அப்பால், ஒவ்வொன்றும் நான்கு மாடி உயரத்துக்கு, கால்கள் ஊன்றி, இடுப்பைச் சுற்றி ஒரு இரும்புப் படிக்கட்டு ஏறி, வெள்ளை பெயிண்ட் உப்புக் காற்றில் மஞ்சளடித்துப்போன மூன்று உருண்டைகள். உள்ளே அமோனியா. எங்கேயோ வயலுக்கு உரமாகப் போகிற சரக்கு, கப்பலில் வந்து குழாயில் ஏறி இந்த உருண்டைகளில் அடைந்து டேங்கர் லாரியில் போகிறது, வயல் எப்படியிருக்கும் என்று இந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. முப்பது வருஷத்துக்கு முன் குப்பத்திலிருந்து கல்யாணமாகி வந்த அன்றைக்கு அவள் அவற்றை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள், "இன்னாது அது" என்று புருஷனைக் கேட்டாள், "அதுவா, கேஸு" என்றார் அவர், வேப்பமரம் என்று சொல்வதுபோல. ஒரு மாதத்தில் அவளுக்கும் அது வேப்பமரம் ஆகிவிட்டது. ஆட்டோக்காரர்களுக்கு அது உருண்டை ஸ்டாப். காலையில் ஒன்பது மணிவரை தெருவில் விழுகிற நிழல் அதன் நிழல், வடகம் பிழிகிறவர்கள் ஒன்பதுக்கு மேல்தான் பிழிவார்கள், எதனால் என்று யாரும் யோசித்ததில்லை. அவள் மகள் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை தலைக்குப் பின்னால் நடு உருண்டை ஒரு கிரீடம்போல வந்துவிட்டது, போட்டோக்காரன் அதை அழித்துவிட்டு ஊட்டி மலையைப் போட்டுக் கொடுத்தான், எல்லோருக்கும் திருப்தி. பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொன்னால் பிள்ளைகள் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு வரைவார்கள், மலையையும் ஆற்றையும் பார்த்தே அறியாத பிள்ளைகள், கண்ணெதிரே நிற்கிற உருண்டையை ஒரு பிள்ளையும் வரைந்ததில்லை. அப்படி மறந்துபோய் இருந்தோம். மறந்துபோய் இருந்ததில் ஒரு தப்பும் இல்லை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள், தப்பு மறந்ததில் இல்லை, ஞாபகம் வைத்திருந்ததில்தான்.

கம்பெனிக்காரன் எட்டு வருஷத்துக்கு முன் ஞாபகப்படுத்தினான். தெருவுக்கு ஒரு கேப்டன் என்று தேர்ந்தெடுத்து, பச்சைச் சட்டையும் விசிலும் கொடுத்து, கேஸ் கசிந்து சங்கு ஊதினால் என்ன செய்யணும் என்று சேஃப்டி சார் வந்து சொல்லிக்கொடுத்தார், நல்ல மனுஷன், யாரையும் வா போ என்று பேசமாட்டார். ஏழாவது தெருவில் குரல் பெரிசு யாருக்கு என்று கேட்டார்கள், மீன் விற்ற குரல் நாகபூஷணத்துக்குத்தான் என்று தெருவே கை காட்டியது. முதல் வருஷம் சார் எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னார், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். கம்பெனி ஆபீஸ் மாடியில் ஒரு கம்பம், அதில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணிக்குழாய் தொங்கும், தெருப் பெண்கள் அதற்கு வைத்த பேர் பைஜாமா, ஒற்றைக் கால் பைஜாமா. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அது நீளும். "அதைப் பாருங்கம்மா, வால் எந்தப் பக்கம் நீளுதோ கேஸ் அந்தப் பக்கம்தான் போகும், நீங்க அந்தப் பக்கம் போகவே கூடாது, வழி இல்லைன்னா வீட்டுக்குள்ளயே கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் ஈரத்துணி அடைச்சு உட்காருங்க" என்றார். அன்றைக்குக் காலை பத்து மணி, கரைக்காற்று, வால் கடலைப் பார்த்து நீண்டது, ஆகவே எல்லோரும் கடலுக்கு முதுகு காட்டி மேற்கே ஓடினார்கள், இரண்டு உயரமான சுவர்களுக்கு நடுவில் போகிற நீளச் சந்து வழியாக லாரி மைதானத்துக்கு. அங்கே ஷாமியானா, அங்கே பெரிய அதிகாரிகள், அங்கே பிரியாணி. அடுத்த வருஷமும் மார்ச் மாதம், அதே பத்து மணி, ஏனென்றால் அதிகாரிகள் ஒன்பதரைக்குத்தான் வருவார்கள், பன்னிரண்டரைக்கு அவர்களுக்குச் சாப்பாடு. அடுத்த வருஷமும் அப்படியே. மூன்றாவது வருஷம் பைஜாமாவைப் பற்றிய பேச்சு குறைந்தது, நாலாவது வருஷம் சுவரெல்லாம் மஞ்சள் பெயிண்டில் அம்புக்குறி போட்டார்கள், மைதானத்தைப் பார்த்து. பைஜாமா திரும்பும், அம்பு திரும்புமா? எந்தத் தெரு முதலில் போய்ச் சேர்கிறதோ அதற்குப் பரிசு என்றும் வைத்தார்கள். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள், ஏழாவது தெருக்காரர்களுக்குப் பந்தியும் படையும் ஒரே இடத்தில் அமைந்துவிட்டது, மூன்று வருஷம் தொடர்ந்து முந்தினார்கள். நாலே நிமிஷம். முப்பத்தொரு தலை, ஒரு தலை குறையாமல். அந்த எவர்சில்வர் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவள் தெருவுக்குள் நுழைந்தபோது சீட்டி அடித்தார்கள், வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

நடமாடுகிற பெண்களில் ஒத்திகைக்கு வராதவள் குணவதி ஒருத்திதான். பிளவுஸ் தைக்கிறவள், தையல் கையில் இருந்தால் நகரமாட்டாள், வா வா என்றால் "நீ போக்கா, எனுக்கு மூணு ஜாக்கெட்டு குடுக்கணும்" என்று மிஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். இந்த வருஷம்தான் நாகபூஷணம் விடாமல் இழுத்துக்கொண்டு போனாள், இழுத்துக்கொண்டு, அந்த வார்த்தை வேண்டாம், கூட்டிக்கொண்டு போனாள், அவளோடு தலை முப்பத்திரண்டு ஆனது. வந்தவள் சும்மா இருந்தாளா, மைதானத்தில் எல்லோரும் பிரியாணிப் பொட்டலத்துக்கு வரிசையில் நிற்கும்போது கையைத் தூக்கினாள். "சார், ஒரு டவுட்டு. சாயங்காலம் கடக்காத்து அடிக்குமே, அப்ப சங்கு ஊதினா கேஸும் இந்தாண்டதான வரும்? அப்பவும் இங்கதான் ஓடியாரணுமா?" சார் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். அந்த ஒரு நிமிஷம். இப்போது நினைத்தால் அது எவ்வளவு பெரிய நிமிஷம், அதற்குள் ஒரு ஊரையே ஓரமாக நகர்த்தியிருக்கலாம். "நல்ல கேள்வி" என்றார், பின்னால் திரும்பி யாரோ பெரியவரைப் பார்த்தார். அவர் மேலே பேசுவதற்குள் நாகபூஷணம் முந்திக்கொண்டாள், கேப்டன் அல்லவா, விசில் கழுத்தில் தொங்குகிறது அல்லவா. "ஏய், சும்மா கெட குணா, பிரியாணி ஆறிப்பூடும்." மைதானமே சிரித்தது. சாரும் சிரித்தார், பிழைத்தோம் என்று சிரித்த சிரிப்பு. குணவதியும் சிரித்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள். அதிலிருந்து பதினோராவது நாள் அது நடந்தது.

தெருமுனை சலூனிலிருந்து அமோனியா நெடி கலந்த தலைச்சாய வாசனை வந்தது, யாரோ கிழவருக்கு அடிக்கிறான் போலிருக்கிறது, நாகபூஷணம் சட்டென்று எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். சாயம்தான், சாயம்தான், இது வேறே. முந்தானையால் மூக்கைப் பொத்தினாள், இருமல் பிடித்துக்கொண்டது, அந்த நாளிலிருந்து பிடித்த இருமல், விசிலை வாயில் வைத்தால் பாதி ஊதும்போதே நெஞ்சு மூடிக்கொள்கிறது. அன்றைக்குக் கேஸ் முதலில் கண்ணில்தான் வந்தது, யாரோ மிளகாயை அரைத்து அப்பியதுபோல, பிறகு தொண்டை. நாலு மணி பத்து நிமிஷம், வியாழக்கிழமை. டேங்கர் லாரிக்கு ஏற்றுகிற குழாயில் ஏதோ பிடுங்கிக்கொண்டது என்று பிற்பாடு சொன்னார்கள். சங்கு ஊதியது, ஒத்திகையில் ஊதுகிற அதே சங்கு, அதே ஏற்றம் இறக்கம், கால் தானாக எழுந்துவிட்டது. பச்சைச் சட்டையைக்கூட மாட்டினாள். விசில் ஊதினாள். பெண்கள் வந்தார்கள், ஓலமில்லை, அழுகையில்லை, வரிசையாக வந்தார்கள், பழக்கம். அம்புக்குறி பார்த்து அனுப்பினாள், எண்ணினாள், முப்பத்தொன்று, ஒரு தலை குறைகிறது. யார் இல்லை? பதினாலாம் நம்பர் குணவதி, தயாளன் வேலையில், பெண் இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. கதவு சாத்தியிருந்தது, ஜன்னல் சாத்தியிருந்தது, தட்டினாள். "நான் வரலக்கா" என்றாள் உள்ளேயிருந்து குணவதி. "காத்து இந்தாண்ட அடிக்குதுக்கா, போவாதக்கா." அதற்குப் பிறகு இன்னொன்றும் சொன்னாள். அந்த இன்னொன்றின் பக்கம் வந்ததும் நாகபூஷணத்தின் மனசு சுவரில் முட்டிய மாடாகத் திரும்பிவிடும், நாற்பத்தொரு நாளும் அப்படித்தான் திரும்பியது, இப்போதும் திரும்பியது. தாழ்ப்பாள் அரைகுறைத் தாழ்ப்பாள், தோளால் இடித்தாள், திறந்துகொண்டது. மணிக்கட்டைப் பிடித்தாள். "தெருவே ஓடுது, நீ ஒருத்தி மட்டும் புத்திசாலியா?" என்றாள். சொன்னாள், அப்படியே சொன்னாள். வாசலைத் தாண்டியதும் முந்தானை முன்னால் பறந்தது.

முந்தானை முன்னால் பறந்தது. எத்தனையோ விதமாக மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்துவிட்டாள், முந்தானை பக்கவாட்டில் பறந்ததாக, முந்தானையைச் செருகியிருந்ததாக, காற்றே இல்லாததாக, எதுவும் நிற்கவில்லை, கடைசியில் அது முகத்துக்கு முன்னால்தான் பறக்கிறது, ஓடுகிற ஓட்டத்துக்கு முந்தானை பின்னாலல்லவா போகணும், அது முன்னால் போய் வழி காட்டியது. காற்று முதுகில் அடித்தது. கட்டுமரக்காரனுக்குப் பிறந்தவள் அவள், கடல்காற்று எந்த மணிக்கு எழும் என்று வயிற்றுப் பசிபோலத் தெரிந்தவள், இருபது வருஷம் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சாயங்காலக் காற்றில் நடந்தவள். படிக்காதவளுக்குத் தெரியாது என்று யாரும் அவளுக்காகச் சொல்லமுடியாது. முதுகுக்குத் தெரிந்தது. முதுகு சொன்னதைக் கண் கேட்கவில்லை, கண் மஞ்சள் அம்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீளச் சந்தில் பாதிதூரம் போனபோது அது வந்து பிடித்தது, முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக, சாம்பிராணிப் புகை மாதிரி, இரண்டு பக்கமும் சுவர், ஒதுங்க இடமில்லை. தெற்கே மீன் மார்க்கெட் பக்கம் திரும்பியிருந்தால் கூப்பிடுதூரத்தில் தப்பியிருக்கலாம். தெருவில் ஓடாதவர்கள் மூன்று பேர். குடித்துவிட்டு எழுப்ப எழுப்ப எழாமல் தூங்கிய சின்னப்பன், பக்கத்து வீட்டு நளினியின் படுத்த படுக்கையான மாமியார், கக்கூசுக்குள் இருந்த வாட்ச்மேன். மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர், இரண்டு நாள் இருமல், அவ்வளவுதான். ஓடியவர்களில் இருபத்தேழு பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். 'பொதுமக்கள் பதற்றத்தில் தாறுமாறாக ஓடியதால்' என்று பேப்பரில் போட்டார்கள், நளினி வாசித்துக் காட்டினாள். தாறுமாறாகவா? ஒருத்தி பதறவில்லையே, ஒருத்தி தாறுமாறாக ஓடவில்லையே, நான்கு நிமிஷத்தில் போவதற்குப் பழக்கியவர்கள் நான்கு நிமிஷத்தில் போனார்கள். தாறுமாறாக ஓடியிருந்தால் பாதிப் பேராவது தப்பியிருப்பார்கள். குணவதி மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள், கடைசிவரை கண் தெரியவில்லை, வாயில் குழாய், பேசவும் முடியவில்லை. நாகபூஷணத்துக்கு அந்தக் குழாயைப் பார்த்ததும் அழுகை வந்தது, அழுகைக்கு அடியில் ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காக அவள் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம், அடித்துக்கொண்டாலும் அது வந்தது வந்ததுதான்.

பிறகு எல்லாம் அதுவாக அமைந்துகொண்டது, அவள் பெரிதாகப் பொய் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. விசாரிக்க வந்த அதிகாரி "நீங்க அந்தம்மா வீட்டுக்குள்ள போய்க் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார், ஆமாம் என்றாள். "அவங்க கூப்பிட்டாங்களா?" என்று கேட்டார், அதற்கும் ஆமாம் என்றாள், அந்த ஒரு ஆமாம்தான். அன்றைக்கே தெருவெல்லாம் பரவிவிட்டது, தன் உயிர் போனாலும் பரவாயில்லை என்று நாகு உள்ளே பாய்ந்து குணாவைத் தூக்கிவந்தாளாம், விதி, காப்பாற்ற முடியவில்லையாம். தயாளன் காரியத்தன்று எல்லோர் முன்னாலும் அவள் காலில் விழுந்தான். "என் கூடப்பொறந்தவகூட இப்டி வந்திருக்க மாட்டாக்கா" என்றான். அவள் அவனைத் தூக்கிவிட்டாள். இன்று காலை சேஃப்டி சார் புதிய பச்சைச் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார், முகம் இளைத்துப் போயிருந்தது. "நாளைக்குப் பத்து மணிக்கு ஒத்திகைம்மா, நடந்ததுக்கப்புறம் ஜனங்களுக்குப் பயம் போகணும்னு மேல சொல்றாங்க, நீங்க முன்னாடி நின்னா எல்லாரும் வருவாங்க, மேடையில உங்களுக்கு ஒரு சால்வையும் போடறாங்க" என்றார். எந்தப் பக்கம் ஓடணும் என்று அவள் கேட்கவில்லை. "வழக்கம்போலத்தாம்மா" என்று அவராகவே சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். சட்டை வாசல் ஆணியில் தொங்குகிறது. நாளைக்குத் தயாளன் லீவு போட்டிருக்கிறான், பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவனும் வருவான், ஒத்திகைக்கெல்லாம் வந்து பழக்கமில்லாதவன், அவள் எந்தப் பக்கம் கை காட்டுகிறாளோ அந்தப் பக்கம் ஓடுவான், ஓடிப் பழகுவான், அந்த எட்டு வயசுக் குழந்தையும் பழகும். மறுபடி ஒருநாள் நாலு மணிக்குச் சங்கு ஊதும். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள், அவளுக்கு வழியெல்லாம் போய்விட்டது, உட்கார்ந்த இடத்திலேயே பயமாக இருந்தது.

டிரான்ஸ்ஃபார்மர் சுவரில் ஒட்டியிருந்த கிழிந்த போஸ்டரின் ஓரம் படபடத்தது. கடல்காற்று எழுந்துவிட்டது. குடங்களுக்கு நடுவில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் கவர் புரண்டு புரண்டு மேற்கே போனது, நீளச் சந்தைப் பார்த்து, அதற்கும் யாரோ அம்புக்குறி காட்டியதுபோல. அது போன வழியில் எதிரே தயாளன் வந்துகொண்டிருந்தான், சட்டை உடம்போடு ஒட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அவன் வந்து அவள் பக்கத்தில் சுவரோரமாகக் குத்திட்டு உட்கார்ந்தான், கையைத் தேய்த்துக்கொண்டான், லாரி இன்னும் வரலையா என்றான், இன்னா வேக்காடு என்றான். அவள் காத்திருந்தாள். ரேஷன் கார்டைக் கேளடா. பின்னலைக் கேளடா. "அக்கா, நாளைக்கு ஆபீசருங்க வூடு வூடா வந்து பாப்பாங்களாமே. அதான் வூட்ட ஒழிச்சினு இருந்தேன். ஜன்னலு இடுக்கு, பின்கதவு இடுக்கு எல்லாத்துலயும் பிட்டுத் துணி அடச்சி வெச்சிருக்குது, ஜாக்கெட்டு பிட்டு, செவப்பு, பச்ச, ஜரிக வெச்சது. காஞ்சி வெறச்சிப்போய் கெடக்குது. இத்தினி நாளு கண்ணுல படவே இல்ல. இன்னாத்துக்குக்கா அப்டி அடச்சா? கொசுவுக்கா?" அவன் அவளைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை, அதுதான் கொடுமை, செத்துப்போன பெண்டாட்டியின் ஒரு சின்ன வழக்கத்தைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவனாகத்தான் பார்த்தான். கொசுவுக்கா என்று பதிலையும் அவனே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான். ஆமா, கொசுவுக்குத்தான் என்று சொன்னால் போதும், இந்தத் தெருவில் கொசுவுக்கா பஞ்சம், அவன் தலையாட்டிக்கொண்டு போய் அந்தப் பிட்டுகளைப் பிடுங்கி எறிந்துவிடுவான், சாட்சி சொல்ல இன்னொன்று மிச்சமில்லாமல் போய்விடும், நாளைக்குச் சால்வை. ஆமா என்பதற்கு அவள் வாயைத் திறந்தும்விட்டாள். முந்தானை தோளிலிருந்து எழுந்து முன்னால் பறந்தது.

"கொசுவுக்கு இல்ல தயாளா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை, இருமி மறுபடி சொன்னாள். "கேஸுக்கு அடச்சா. ஈரம் பண்ணி அடச்சிக்கினு உள்ள ஒக்காந்தா. அவ என்னியக் கூப்புடல. நான் பொய் சொன்னேன். வரலக்கான்னா. காத்து இந்தாண்ட அடிக்குது, போவாதக்கான்னா. நான்தான் கதவ இட்ச்சி, கையப் புட்ச்சி இஸ்துக்கினு போனேன்." சொல்லும்போதே அந்த இன்னொன்று வந்துவிட்டது, திரும்பவில்லை, சுவர் இல்லை. "நீயும் உள்ள வந்துடுக்கா, ரெண்டு பேருக்கும் எடம் கீதுன்னா. அத்தக் கேட்டும் இஸ்தேன்." தெருவில் யாரோ குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தார்கள். தயாளன் முதல்முறையாகக் கிழக்கே நிமிர்ந்து பார்த்தான், அவளும் நாற்பத்தொரு நாளுக்குப் பிறகு பார்த்தாள், மூன்று உருண்டைகள் எப்போதும்போல நின்றன, ஆபீஸ் மாடிக் கம்பத்தில் பைஜாமா தெருவைப் பார்த்து விறைப்பாக நீண்டிருந்தது. "அப்ப அவ சொன்னதுதான் சரி" என்றான் அவன். கேட்கிறானா சொல்கிறானா என்று தெரியவில்லை. அவள் பைஜாமாவைப் பார்த்தபடியே சொன்னாள். "அவ சொன்னதுதான் சரி. நாளைக்குக் கொயந்தய இட்டாராத. எப்ப சங்கு ஊதினாலும் அந்தச் சந்துல போவாத. அதோ அதப் பாரு, அது நீளுற பக்கம் ஓடாத. ஓட வயி இல்லன்னா அவ செஞ்ச மாரி செய்யி. நாளைக்கு மைக்குல நான் சொல்லிடறேன், சால்வையப் போட வரும்போது சொல்லிடறேன்." அவன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "உள்ள இருந்திருந்தா?" என்றான். அவளுக்குப் பதில் தெரியும், சின்னப்பனையும் கிழவியையும் தினம் பார்க்கிறாள். "இருந்திருப்பா" என்றாள்.

அவன் எழுந்தான். அடிப்பான் என்று நினைத்தாள், அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, குடங்களையும் பார்க்கவில்லை, கடல்காற்றுக்கு எதிராகத் தலையைக் குனிந்துகொண்டு பதினாலாம் நம்பருக்கு நடந்தான், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஜன்னலைச் சாத்துகிற சத்தமும் கேட்டது, இடுக்கில் துணி இருந்ததால் இரண்டுமுறை இழுத்துச் சாத்தவேண்டியிருந்தது. தெருமுனையில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது, பெண்கள் நாலா பக்கமிருந்தும் சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள், முதல் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வரிசை நகர்ந்தது. நாகபூஷணம் தன் குடத்தைக் காலால் ஒரு அடி தள்ளினாள், பிறகு குணவதியின் இரண்டு குடங்களையும் ஒவ்வொரு அடி தள்ளினாள்.